வேதாளத்தைச் சுமந்த தூரிகை

வையம்பட்டியில் ஒருநாள் மாலை, தந்தையொருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன் ஓவியக் கல்லூரியில் சேர விரும்பினான். "சாமி, நீங்கதான் இவனுக்குப் புத்தி சொல்லணும்" என்றார் தந்தை. "முதலில் ஒரு பட்டம் பெறு, படம் வரைவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கூறி அனுப்பினோம். நல்ல அறிவுரை தந்தோம் என்ற மனநிறைவு நமக்கு. ஓவியர் சங்கரின் வாழ்க்கையைப் படித்தபோது அந்நிறைவு கலைந்தது.

'அம்புலிமாமா' படித்து வளர்ந்த எவரும் அவரது கைவண்ணத்தை மறந்திருக்க மாட்டார். கையில் வாளும் தோளில் பிணமுமாக நள்ளிரவு மயானத்தில் நடக்கும் விக்கிரமாதித்த மன்னன். அவனோடு பேசிவரும் வேதாளம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதிலேயே அந்தப் படத்தை நாம் படித்துவிட்டோம். அச்சமும் ஆவலும் ஒருங்கே தந்த பக்கம் அது.

அதை வரைந்தவர் கே. சி. சிவசங்கரன். தாராபுரம் பகுதியைச் சேர்ந்த காரத்தொழுவு என்னும் சிற்றூரில் 1924-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் அவரது கைத்திறனைக் கண்ட ஆசிரியர் ஒருவர், பட்டப்படிப்பில் காலத்தைப் போக்காமல் ஓவியப் பள்ளியில் சேருமாறு அறிவுறுத்தினார். நாம் கூறியதற்கு நேர் எதிரான அறிவுரை!

1850-இல் தொடங்கப்பெற்ற சென்னை ஓவியப் பள்ளிக்கு அப்போது தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வர். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர். மெரினா கடற்கரையில் பாறையை நெம்பித் தள்ளும் நான்கு தொழிலாளரைச் சிலையாக வடித்தவர் அவரே. அத்தகைய சூழலில் பயின்ற சங்கர், 1946-இல் 'கலைமகள்' இதழிற் பணியேற்றார். 1952-இல் 'அம்புலிமாமா'வை அடைந்தார்.

நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அவ்விதழ், காலப்போக்கில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவந்தது. மொழிக்கு மொழி எழுத்து மாறும், படம் மாறாது. திருச்சியில் ஒரு குழந்தை வியந்து பார்த்த அதே மன்னனையே, ஒரியாவிலும் மராத்தியிலும் கதை படித்த குழந்தைகளும் பார்த்தனர். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத நாட்டில், அத்தனை பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு நினைவைத் தந்தது அந்தத் தூரிகை.

ஓவியம் முறையாகக் கற்றவர் குழந்தைகளுக்குப் படம் போடுவதைச் சற்றுக் குறைவாக எண்ணும் வழக்கம் இன்றும் உண்டு. கண்காட்சிச் சுவரில் தொங்கினால் கலை. கசங்கிய தாளில் அச்சானால் கைவேலை என்பது நமது கணக்கு. சங்கர் அக்கணக்கைப் பொருட்படுத்தவில்லை. மாதந்தோறும் அதே மன்னன், அதே சுடுகாடு. எனினும் கதைக்குள்ளே நுழைந்தால் அரண்மனை, ஆடை, அணிகலன், மரஞ்செடி யாவும் கருத்தோடு வரையப்பட்டிருக்கும். சிறுவர்தானே என்று அவர் எதையும் குறைத்துக்கொடுக்கவில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இப்பணி நீடித்தது.

2020 செப்டம்பர் 29 அன்று, 96-ஆம் வயதில் அவர் மறைந்தார். பத்மஸ்ரீ விருது 2021-இல், மறைவுக்குப் பின்னரே அறிவிக்கப்பட்டது. அவர் வரைந்த படத்தை அறிந்த இலட்சக்கணக்கானோரில் அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? பாரத்தைத் தோளில் ஏற்றி, முயற்சியில் தளராமல் மீண்டும் மீண்டும் நடந்த அந்த மன்னனுக்கும் இந்த ஓவியருக்கும் ஏதோ உறவு இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

அன்பர்களே, பிள்ளையின் கையிலுள்ள திறமையைப் பாராமல், சம்பளத்தை மட்டும் பார்த்து வழிசொல்லும் தவறு பெற்றோருக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது. வறுமையைக் கண்ட தந்தையின் அச்சத்தை நாம் எள்ளவில்லை. ஆயினும் அன்று அந்த இளைஞனின் படங்களைக் காட்டச் சொல்லிப் பாராமலே தீர்ப்புச் சொன்னோம் அல்லவா? அடுத்த முறை அவனைக் காணும்போது, அறிவுரைக்கு முன்னால் அவன் வரைந்த தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்க்க எண்ணியிருக்கிறோம்.