உப்பு தீர்த்ததும் தீர்க்காததும்

இங்கிலாந்தின் ஏள்ஸ்வூட் காப்பகத்து வைத்தியர் லாங்டன் டவுன், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுள் ஒரு சாராரை முகச்சாயலால் இனங்கண்டு 1866 ஆம் ஆண்டில் தனிப் பிரிவாக விவரித்தார். அடுத்த ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்தரையிலே தேயிலை பயிரிட்டார். இரண்டிற்கும் தொடர்பேதுமில்லை. எனினும், டவுன் சிண்ட்ரோம் உடையோரின் தைரொயிட்டுக் குறைபாடு மலையகத் தோட்டங்களிலே எவ்வாறு மறைந்திருக்கக்கூடும் என ஆராயப் புகுவோர், மருத்துவத்தின் வரலாற்றையும் தோட்டத்தின் வரலாற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

1891 இல் நியூகாசில் நகரத்து ஜோர்ஜ் மறே, செம்மறியாட்டின் தைரொயிட்டுச் சாற்றை ஊசிமூலம் ஏற்றி, அச்சுரப்பி செயலிழந்த பெண்ணொருவருக்கு நலமளித்தார். பிறவியிலேயே சுரப்பிக் குறைபாடுற்று வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் அச்சாற்றினால் வியக்கத்தக்க முன்னேற்றங் கண்டனர். டவுன் விவரித்த பிள்ளைகளுக்கும் அது கொடுக்கப்பட்டது. அவர்களிடம் அத்தகைய மாற்றம் நிகழவில்லை. ஆகவே இவை வெவ்வேறு நிலைகள் என்பது தெளிவாயிற்று. 1959 இல் பிரான்சிய அறிஞர் லெஜூன் முதலானோர், அப்பிள்ளைகளின் உயிரணுக்களில் 46 இற்குப் பதிலாக 47 நிறமூர்த்தங்கள் இருத்தலை எடுத்துக்காட்டியதும் ஐயம் முற்றாக நீங்கியது. ஆயினும், வேறு என்று பிரித்துவிட்டதனால், இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்திருத்தல் கூடும் என்ற எண்ணம் பின்தள்ளப்பட்டது எனலாம்.

தோட்டங்களின் மருத்துவம் வேறொரு நோக்கிற் பிறந்தது. 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதியை ஏற்படுத்த முனைந்தது. பெரட்டுக்கு வரும் கைகளைக் காப்பதே அதன் உள்நோக்கம் என்றால் மிகையாகாது. கொழுந்து பறிக்கச் செல்லாது லயத்துத் திண்ணையிலே சோர்ந்திருக்கும் பிள்ளை அக்கணக்கினுள் எங்ஙனம் அடங்கும்? சோம்பல், மலச்சிக்கல், வறண்ட தோல், உடற்பருமன் யாவும் ‘பிறவிக் குணம்’ எனத் தள்ளப்படுதல் எளிது. குளிர் தாங்காமையும் இக்குறைபாட்டின் அறிகுறியே. ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிற் கம்பளிக்குள் ஒடுங்கியிருப்பவரைக் கண்டு யார்தாம் ஐயுறுவர்?

இலங்கையிலே தைரொயிட்டு என்றதும் கழுத்துக் கழலையும் அயடீனுமே நினைவிற்கு வந்தன. அதற்குக் காரணமும் இருந்தது. 1986-87 இல் 17 மாவட்டங்களின் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடந்த ஆய்வில் 18.8 வீதத்தினரிடம் கழலை காணப்பட்டது. அதிகூடிய வீதம் மலையிலன்று, கடலோரக் களுத்துறையிலே பதிவாயிற்று என்பது, கழலையை மலைநாட்டு நோயெனக் கொள்வோர் கருதத்தக்கது. 1995 முதல் நாடெங்கும் உப்புடன் அயடீன் சேர்க்கப்படலாயிற்று. அதன் பயன் பெரிது.

ஆயின், டவுன் சிண்ட்ரோம் உடையோரின் குறைபாட்டை உப்பு தடுப்பதில்லை. அவர்களுட் சிலருக்குச் சுரப்பி பிறப்பிலேயே செம்மையாக இயங்குவதில்லை. வேறு பலருக்கு உடலின் நோயெதிர்ப்பாற்றலே நாளடைவிற் சுரப்பியைத் தாக்குகிறது. எனவே, குழந்தையின் குதிக்காலிலிருந்து ஒருமுறை குருதியெடுத்துச் சோதிப்பது இவர்களுக்குப் போதாது. பிறந்தவுடனும், ஆறாம் மாதத்திலும், ஓராண்டு நிறைவிலும், அதன்பின் ஆண்டுதோறும் சோதிக்கவேண்டும் என்பது இன்றைய மருத்துவ நெறி. லயத்திலிருந்து நகர வைத்தியசாலைக்கு ஆண்டுதோறும் செல்வதெனில், உடன்செல்லும் தாய்க்கு ஒருநாட் பேர் இல்லாமற் போகும். குறைபாடு உறுதிப்பட்டால், தைரொக்சின் வில்லையை நாள்தோறும் வெறுவயிற்றில் நீருடன் கொடுத்தல் வேண்டும். விடியற்காலைத் தேயிலைத் தண்ணீர் அதற்கு அரை மணி நேரம் பின்னரே.