மொட்டைமாடியிலிருந்து வரைபடம் வரை

காலை பத்தரை மணிவாக்கில் புதுச்சேரியின் ரெட்டியார்பாளையத்து மொட்டைமாடி ஒன்றில் விழும் வெயிலில் ஒரு பங்கு வானத்துக்கே திரும்புகிறது. 16 நாளுக்கு ஒருமுறை, அதைப் பிடிக்க 705 கி.மீ. உயரத்தில் லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் வந்து சேர்கிறது.

செயற்கைக்கோளின் உணரியில் ஒளி எண்ணாகிறது. 30 மீட்டர் பக்கமுள்ள சதுரம் முழுவதற்கும், பெரும்பாலான அலைவரிசைகள் ஒவ்வொன்றிலும், 0 முதல் 4,095 வரை ஏதோ ஓர் எண். 1,200 சதுர அடி மனை எட்டு அடங்கும் இடம் அது. மாடி, தண்ணீர்த் தொட்டி, முருங்கை மரம், தெரு எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் கலந்து கிடக்கும்.

தரை நிலையங்கள் வழியாக இறங்கி, அமெரிக்காவில் சூ ஃபால்ஸ் ஊருக்கு அருகே உள்ள காப்பகத்தில் அந்த எண் சேமிக்கப்படுகிறது. லேண்ட்சாட் படங்களுக்கு ஒருகாலத்தில் நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. 2008 முதல் இலவசம். அதனால்தான் புதுச்சேரியில் இருக்கும் ஒரு மாணவரின் கணினிக்கும் அது வர முடிகிறது.

அங்கே விசாரணை தொடங்குகிறது. இலை, அண்மை அகச்சிவப்பு ஒளியை அதிகம் திருப்பும். சிமென்ட், குற்றலை அகச்சிவப்பை அதிகம் திருப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், சதுரம் கட்டடமா, பசுமையா என்று ஓரளவு தெரியும். ஓரளவுதான், ஏனென்றால் கோரிமேட்டுப் பக்கத்துச் செம்மண் காய்ந்துவிட்டால் அதுவும் கட்டடம்போலவே காட்டும். சந்தேகமுள்ள இடத்துக்கு நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

தேறிய சதுரங்களை ஆண்டுவாரியாக அடுக்கினால் ஊர் வளர்ந்த திசை தெரிகிறது. புதுச்சேரிக்கு இது கூடுதலாகப் பயன்படும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற எல்லை துண்டுதுண்டானது. விழுப்புரம், கடலூர் மாவட்ட நிலங்கள் ஊடே ஊடே வரும். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. அரசுக் கணக்குகள் எல்லையில் நின்றுவிடும், வீடுகளின் வரிசை நிற்காது. ஒளிக்கு எல்லை கிடையாது என்பதால், ஊர் உண்மையில் எதுவரை என்பதை வரைபடம் காட்டிவிடுகிறது.

ஆனால் மாடிகளை அது எண்ணாது. ஒற்றை மாடி வீடும் நான்கு மாடிக் குடியிருப்பும் மேலிருந்து ஒன்றேதான். உயரத்துக்கு வேறு கண் வேண்டும். 2005இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1, முன்னும் பின்னுமாகச் சாய்த்த இரு கேமராக்களால் ஒரே இடத்தைப் படமெடுத்தது. இரு படங்களுக்கும் உள்ள விலகலிலிருந்து உயரத்தைக் கணக்கிடலாம்.

இத்தனை தூரம் வந்த எண்ணுக்கு உண்மையான வேலை மழைக்காலத்தில்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது புதுச்சேரியின் ரெயின்போ நகர் மூழ்கியது. சிமென்ட் மூடிய சதுரம் தண்ணீரைக் குடிக்காது. எந்தச் சதுரம் எவ்வளவு மூடியிருக்கிறது என்று தெரிந்தால்தான் வாய்க்காலின் அகலத்தை முடிவுசெய்ய முடியும். மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன் பார்க்க வேண்டிய கணக்கு இது.