தோள் மூட்டு அறுவைக்குப் பின் ஆட்டத்துக்குத் திரும்புதல்

தோள் மூட்டில் அறுவை செய்துகொண்ட விளையாட்டு வீரர் மீண்டும் களம் இறங்குவது பல மாதங்கள் நீளும் படிப்படியான வேலை. ஜொகூரில் ஆடப்படும் பூப்பந்து, காற்பந்து, ஹாக்கி, சிலம்பம் ஒவ்வொன்றும் தோளை வெவ்வேறு விதமாக வருத்துகின்றன. அதனால் ஒரே அறுவை செய்துகொண்ட இருவர் ஒரே காலத்தில் திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது.

காரணமும் அறுவையும்

உடலில் அதிகம் சுழலும் மூட்டும் அதிகம் விலகும் மூட்டும் தோள்தான். மேற்கை எலும்பின் பெரிய உருண்டைத் தலை, ஆழமில்லாத சிறு குழியில் உட்கார்ந்திருக்கிறது. கோல்கீப்பர் கையை நீட்டிப் பாய்ந்து விழும்போது அந்தத் தலை முன்பக்கம் நழுவினால், குழியின் விளிம்பிலுள்ள குருத்தெலும்பு கிழிந்துவிடும். நுண்துளை வழியே கிழிசலைத் தைத்து ஒட்டவைப்பது பாங்கார்ட் முறை. குழியின் எலும்பே தேய்ந்திருந்தால், பக்கத்து எலும்பின் முனையை வெட்டியெடுத்துத் திருகாணியால் அங்கே பொருத்துவார்கள். இது பிரெஞ்சு மருத்துவர் மிஷெல் லத்தார்ஜே 1954-இல் விவரித்த முறை.

தைத்தால் போதுமா, எலும்பு பொருத்த வேண்டுமா என்று முடிவு செய்ய, பால்க், புவாலோ என்ற இரு மருத்துவர்கள் 2007-இல் 10 புள்ளிக் கணக்கு ஒன்றை வகுத்தனர். 6 புள்ளியைத் தாண்டினால் தையல் மட்டும் நிலைக்காது என்பது அவர்கள் முடிவு. வயது 20-க்குள் இருந்தால் 2 புள்ளி, போட்டி நிலையில் ஆடினால் இன்னொரு 2. பண்டார் பெனாவாரில் உள்ள துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளியின் மாணவர் ஒருவருக்குத் தோள் விலகினால், எக்ஸ்ரே எடுக்கும் முன்பே கணக்கில் 4 ஏறிவிடும். 21 வயதுக்கு உட்பட்டோருக்காக ஜொகூர் பாருவில் நடக்கும் சுல்தான் ஜொகூர் கிண்ண ஹாக்கியில் ஆடுபவர்களில் பலரும் அதே நிலைதான்.

மீளும் காலம்

முதல் 4 வாரம் அளவுக்குக் கை ஸ்லிங்கில் இருக்கும். எடைப் பயிற்சி பெரும்பாலும் 3-ஆம் மாதத்துக்கு மேல். மோதல் உள்ள ஆட்டங்களுக்கும் கையை ஓங்கும் ஆட்டங்களுக்கும் 6 மாதம் வரை பிடிக்கும். வலி அதற்கு வெகு முன்பே போய்விடுவதுதான் ஆபத்து. தைத்த இடம் இறுகுமுன் ஆடத் தோன்றிவிடுகிறது.

நாள் கணக்கைவிடச் சோதனைகளே நம்பத்தக்கவை. கையை உள்ளும் வெளியும் திருப்பும் தசைகளின் வலுவைக் கருவியால் அளந்து, மறு கையோடு ஒப்பிடுவது வழக்கம். பூப்பந்து ஆட்டக்காரரிடம் இந்த ஒப்பீடு ஏமாற்றும். ஆடும் கை இயல்பிலேயே வலுவானது என்பதால், இரண்டும் சமம் என்று முடிவு வந்தால் அது நல்ல செய்தி அல்ல. ஸ்மாஷ் அடித்த பிறகு வேகமாக வரும் கையை நிறுத்துவது தோளின் பின்புறத் தசைகள். ஆகவே முதலில் பந்தே இல்லாமல் மட்டையை வீசிப் பழகி, பிறகு மெதுவாகத் தூக்கி அடித்து, கடைசியாகத்தான் ஸ்மாஷுக்கு வர வேண்டும். சிலம்பத்தில் கம்பைத் தலைக்கு மேல் சுழற்றுவதும் அப்படியே கடைசி.

பெர்ன் நகரில் கூடிய வல்லுநர்கள் 2016-இல் வெளியிட்ட கூட்டறிக்கை, பயிற்சியில் சேர்தல், போட்டிக்குத் திரும்புதல், பழைய ஆட்டத்தை எட்டுதல் என மூன்று நிலைகளைப் பிரித்தது. முதல் இரண்டைக் கடப்பவர் பலர். மூன்றாவதில்தான் எண்ணிக்கை குறைகிறது. விழ அஞ்சும் மனமும் இதற்கு ஒரு காரணம்.

அறியப்பட்ட வீரர்கள்

மலேசியாவிலேயே ஒரு பெரிய மறுவருகை நடந்தது. 2006 மார்ச்சில் லண்டனில் தோள் அறுவை செய்துகொண்ட சச்சின் டெண்டுல்கர், செப்டம்பர் 14 அன்று கோலாலம்பூரை அடுத்த கின்றாரா மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 141 ஓட்டங்கள் எடுத்தார். மழை குறுக்கிட்ட அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது. ஷ்ரேயஸ் ஐயர் 2021 மார்ச்சில் புனேயில் காயமுற்று, அறுவைக்குப் பின் அதே ஆண்டு நவம்பரில் கான்பூரில் தம் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார்.

இருவரும் மட்டையாளர்கள். தோளையே பிழைப்பாகக் கொண்ட பந்துவீச்சாளரின் கதை வேறு. முத்தையா முரளிதரன் 2004-இல் அறுவை செய்துகொண்டு ஓய்வில் இருந்தபோது, அக்டோபரில் சேப்பாக்கத்தில் ஷேன் வார்ன் அவரது 532 விக்கெட் சாதனையைக் கடந்தார். வார்னும் 1998-இல் தோள் அறுவை செய்துகொண்டவர்தான். திரும்பி வந்த முரளி இன்னும் 268 விக்கெட் எடுத்து, 2010 ஜூலையில் காலியில் 800-ஐத் தொட்டார்.