சேவ் கணக்கும் பந்தயக் கடைகளும்

அமெரிக்க பேஸ்பால் பந்தயத்தில் ஓர் ஆட்டத்தின் விலையை நெடுங்காலம் தீர்மானித்தவர் தொடக்கப் பிட்சர். 1904-ல் பத்து ஆட்டங்களில் எட்டுக்கு மேல் அவரே கடைசிவரை வீசி முடித்தார் என்பதால் இதில் வியப்பில்லை. நெவாடா 1931-ல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. பின்னாளில் லாஸ் வேகாஸில் முளைத்த பந்தயக் கடைகளின் விலைப்பலகையில் அணிகளின் பெயரோடு தொடக்கப் பிட்சர்களின் பெயரும் இருக்கும். பெயர் குறித்துக் கட்டிய பிட்சர் வீசாவிட்டால் பந்தயம் ரத்து, பணம் வாபஸ். பின்னால் வரும் ரிலீஃப் பிட்சருக்கு அந்தப் பலகையில் இடமில்லை.

அவர் திறமையைச் சொல்ல உருப்படியான கணக்கும் இல்லை. 1959-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ரிலீஃப் பிட்சர் ராய் ஃபேஸ் 18 வெற்றி, 1 தோல்வி என்று பருவத்தை முடித்தார். அவற்றில் சில, கையிலிருந்த முன்னிலையை அவரே கோட்டைவிட்டு, சக ஆட்டக்காரர்கள் அடித்து மீட்டுக்கொடுத்தவை. சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மனுக்கு இது உறுத்தியது. முன்னிலையைக் காப்பவருக்கென்று ‘சேவ்’ கணக்கை வகுத்தார். 1969-ல் அது அதிகாரபூர்வமானது.

பணம் கட்டுபவருக்கு அதனால் பெரிய லாபமில்லை. இன்றைய விதிப்படி, மூன்று ரன் முன்னிலையோடு கடைசி இன்னிங்ஸில் வந்து இரண்டு ரன் கொடுத்தாலும் சேவ் உண்டு. பிட்சர் கொடுக்கும் ரன்களின் சராசரி அதைவிடப் பெரிய ஏமாற்று. மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது ஒருவர் வீச வருகிறார். முதல் அடியிலேயே மூவரும் ஓடி முடிக்கிறார்கள். அந்த ரன்களெல்லாம் முன்பு வீசியவர் தலையில் ஏறும்; வந்தவரின் சராசரியில் ஒரு கீறலும் விழாது. 1977-ல் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் தொடங்கிய ஆண்டுத் தொகுப்புகள் இத்தகைய எண்களைச் சந்தேகிக்கப் பழக்கின. ஸ்ட்ரைக்அவுட், வாக், முன்னவர் விட்டுச்சென்றவர்களில் எத்தனை பேர் ஓடினார்கள், கடந்த மூன்று நாளில் எத்தனை பந்து வீசினார் என்பவையே விவரமறிந்தவர்கள் பார்ப்பவை. இவற்றில் கடைசிக் கேள்விதான் மிகவும் பயனுள்ளது. களைத்த கையைச் சராசரி காட்டாது. ரிலீஃப் பிட்சர்களை நம்பாதவர்களுக்கு முதல் ஐந்து இன்னிங்ஸுக்கு மட்டும் கட்டும் வசதியும் உண்டு.

1988-ல் ஓக்லண்ட் மேலாளர் டோனி லா ரூசா, ரிலீஃப் பிட்சர் டென்னிஸ் எக்கர்ஸ்லியைப் பெரும்பாலும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கே வைத்துக்கொண்டார். கிடைத்தது 45 சேவ். மற்ற அணிகளும் அப்படியே செய்யத் தொடங்கியதும் கடைசியில் யார் வருவார் என்பது முன்கூட்டியே தெரிந்தது.

2018 மே 14 அன்று, பெரும்பாலான மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்தை முடக்கிய 1992-ம் ஆண்டுச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. ஐந்தே நாளில் டாம்பா பே அணி, ரிலீஃப் பிட்சரான செர்ஜியோ ரோமோவைத் தொடக்கத்தில் இறக்கி ஒரே இன்னிங்ஸில் வெளியே எடுத்தது. பலகையில் இருந்த பெயருக்குப் பழைய மதிப்பு போயிற்று.

கைப்பேசி வழியே ஒவ்வொரு பந்துக்கும் பந்தயம் வந்தது. 2025 நவம்பரில் கிளீவ்லாண்டின் இரு பிட்சர்கள்மீது, பந்துகளைச் சொல்லிவைத்து வீசியதாக வழக்குப் பதிவானது. ஒருவர் அணியின் முதன்மை ரிலீஃப் பிட்சர். இருவரும் மறுத்துள்ளனர். தனிப் பந்துக்கான பந்தயத்துக்கு இப்போது உச்சவரம்பு 200 டாலர்.