கொரியாவில் மறை வளர்த்த குடும்பம்

ஒரு நாட்டில் புதிய சமயம் வேரூன்றிய வரலாற்றைப் படிக்கும்பொழுது, கடல் கடந்து வந்த துறவிகளின் பெயர்களையே நாம் முதலில் காண்கிறோம். தமிழகத்திலும் புனித சவேரியார், தத்துவபோதகர், வீரமாமுனிவர் என்றே அந்த வரிசை அமைந்துள்ளது. அவர்களோடு ஊர்தோறும் உழைத்த உபதேசியார்களும் அவர்தம் மனைவி மக்களும் பெரும்பாலும் பெயர் தெரியாமலே மறைந்தனர். கொரியா நாட்டில் கத்தோலிக்க மறை பரவிய வரலாறு இதற்கு மாறானது. அங்கே முதலில் வந்தது நூல். அதன்பின் மறையை ஏந்தியது குடும்பம். குருவானவர் வந்தது அதற்கும் பின்னரே. அத்தகைய குடும்பங்களுள் ஒன்றைப் பற்றியே இன்று மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தென் ஹான் ஆறும் வட ஹான் ஆறும் கூடுமிடத்தில் மாஜே என்றோர் ஊர் உண்டு. அங்கே சோங் என்னும் குலத்தைச் சேர்ந்த உயர்குடியினர் வாழ்ந்து வந்தனர். சகோதரர் நால்வர்: யாக்-ஹ்யோன், யாக்-ஜோன், யாக்-ஜோங், யாக்-யோங். மூத்தவரின் மனைவி இறந்த பின், அவருடைய நினைவுநாட் சடங்கு 1784-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நடைபெற்றது. சடங்கை முடித்துக்கொண்டு யாக்-ஜோனும் யாக்-யோங்கும் படகில் தலைநகருக்குத் திரும்பினர். இறந்த அம்மையாரின் சகோதரராகிய யீ ப்யோக் என்ற அறிஞரும் அப்படகில் உடன் இருந்தார். ஆற்றின் வழியே செல்லும்பொழுது, உலகின் படைப்பைப் பற்றியும், உடலும் ஆன்மாவும் வேறு என்பதைப் பற்றியும் தாம் சீன மொழி நூல்களில் கற்ற மேனாட்டு மறையின் கருத்துக்களை அவர் எடுத்துரைத்தார். மத்தேயு ரிச்சி என்ற சேசு சபைத் துறவி 1603-இல் பெக்கிங் நகரில் வெளியிட்ட நூல் போன்றவை அக்காலத்துக் கொரிய அறிஞரிடையே பயின்று வந்தன. அதே ஆண்டில், இச்சகோதரர்களின் உடன்பிறந்தாளை மணந்த யீ சுங்-ஹுன், பெக்கிங்கில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். அவரே கொரியத் திருச்சபையின் முதல் தலைமகன்.

முன்னோர் சடங்கிலிருந்து திரும்பிய படகிலேயே இம்மறை அக்குடும்பத்துள் நுழைந்தது என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். அச்சடங்கே பின்னர் அக்குடும்பத்தைப் பிளந்தது.

படகில் யாக்-ஜோங் இல்லை. அவர் அந்நாளில் தாவோ நெறியில் நாட்டம் கொண்டிருந்தார். சகோதரர்களுக்குப் பின்னரே, 1786-இல், மறையை ஏற்று அகுஸ்தீன் என்னும் பெயர் பெற்றார். கடைசியாக வந்தவர் கடைசி வரை நின்றார். 1790-இல் பெக்கிங் மேற்றிராணியார், முன்னோர்க்குப் படையலிடுதலும் அவர்தம் பெயர்ப் பலகைகளை வணங்குதலும் கத்தோலிக்கருக்கு ஆகா என்று அறிவித்தார். மறுஆண்டே, சோங் சகோதரர்களின் தாய்வழி உறவினரான யுன் ஜி-சுங் தம் தாய்க்குச் சடங்கு செய்யாமையால் கொலைத்தண்டம் பெற்றார். பெற்றோரைப் போற்றுதலே அரசின் அடிப்படை எனக் கருதிய கன்பூசிய சமுதாயத்தில் இஃது எத்தகைய அதிர்ச்சியை விளைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறிஞர் பலர் அப்பொழுது மறையை விட்டு விலகினர். யாக்-ஜோனும் யாக்-யோங்கும் அவ்வாறு விலகியவர்களே. யாக்-ஜோங்கோ உறவினரின் சடங்குகளில் கலந்துகொள்ள இயலாமையால், குடும்பத்துடன் வேற்றூரில் குடியேறினார்.

1794-ஆம் ஆண்டின் இறுதியில் சீனராகிய ஜோ வென்-மோ என்னும் குருவானவர் மறைவாகக் கொரியாவை அடைந்தார். அந்நாட்டில் தங்கிப் பணியாற்றிய முதற் குரு அவரே. அவர் வந்தபொழுது அங்கே ஏறத்தாழ 4,000 கத்தோலிக்கர் இருந்தனர் என்று திருச்சபை வரலாறு கூறுகிறது. நூல்களாலும் உறவினர் வாய்மொழியாலும் திரண்ட கூட்டம் அது. ஞானோபதேசம் கற்கவும் கற்பிக்கவும் குருவானவர் அமைத்த சங்கத்துக்கு யாக்-ஜோங் தலைவரானார்.

அவருடைய அரும்பணி ‘சுக்யோ யோஜி’ என்னும் ஞானோபதேச நூல். மறையின் சாரம் என்பது அப்பெயரின் பொருள். இரண்டு பாகங்களாலான அந்நூலை அவர் சீன எழுத்தில் எழுதவில்லை. சேஜோங் அரசர் 1446-இல் நாட்டுக்கு வழங்கிய கொரிய எழுத்திலேயே எழுதினார். புலவர்கள் அவ்வெழுத்தைப் பெண்களுக்கும் பாமரர்க்கும் உரியதென்று இகழ்ந்த காலம் அது. உயர்குடிப் புலவர் ஒருவர் சமய நூலை அவ்வெழுத்தில் இயற்றியது, தம் சாதியாரின் மதிப்பைத் தாமே துறந்ததற்கு ஒப்பாகும். அந்நூல் அச்சேறாமல், கையால் படியெடுக்கப்பட்டே பல்லாண்டுகள் வீட்டுக்கு வீடு சென்றது. வீரமாமுனிவர் நம் நாட்டு உபதேசியார்களுக்காக ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதியதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அவர் குரு. யாக்-ஜோங் மனைவி மக்களோடு வாழ்ந்த இல்லறத்தார்.

1800-இல் சோங்ஜோ அரசர் மறைந்தார். இளவரசர் சிறுவராதலால் முதிய அரசியார் ஆட்சியை ஏற்றார். முந்தைய அரசரின் ஆதரவு பெற்றிருந்த கட்சியாரை ஒழிக்க எதிர்க்கட்சியார் காத்திருந்தனர். அக்கட்சியில் கத்தோலிக்கத் தொடர்புடையோர் பலர் இருந்தமை அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. 1801-இன் தொடக்கத்தில் வெளிவந்த ஆணை, ஐந்து வீடுகளை ஒரு தொகுதியாக்கி ஒருவரை ஒருவர் கண்காணிக்கச் செய்தது. இல்லத்தில் வளர்ந்த மறையை இல்லங்களைக் கொண்டே பிடிக்க அரசு முற்பட்டது. அந்நாட்களில் யாக்-ஜோங் தம் சமய நூல்களையும் கடிதங்களையும் ஒரு பெட்டியில் இட்டு வேறிடத்துக்கு அனுப்பியபொழுது, அது அரசின் கையில் சிக்கியது. ஏப்ரல் 8-ஆம் நாள் தலைநகரின் சிறு மேற்குவாயிலுக்கு வெளியே அவர் தலை வெட்டுண்டார். வானத்தை நோக்கியவாறே வெட்டை ஏற்றார் என்பது வழிவழிச் செய்தி. மே மாதத்தில் அவருடைய மூத்த மகன் சோல்-சாங்கும் கொல்லப்பட்டார். மறையை விட்டு விலகிய சகோதரர் இருவரும் நாடு கடத்தப்பட்டனர். யாக்-ஜோன் தொலைத்தீவில் மீன்களைப் பற்றி அரிய நூல் இயற்றினார். யாக்-யோங் பதினெட்டு ஆண்டுகள் வனவாசம் இருந்து, தாசான் என்னும் பெயரால் கொரியாவின் மாபெரும் அறிஞராகப் புகழ் பெற்றார். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அரசின் அச்சம் முற்றும் ஆதாரமற்றது என்றும் கூறுவதற்கில்லை. அதே ஆண்டில், மூத்த சகோதரர் யாக்-ஹ்யோனின் மருமகன் ஹ்வாங் சா-யோங், குகையில் ஒளிந்திருந்து, பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துக்களில் பட்டுத்துணியில் ஒரு கடிதம் எழுதினார். மறையைக் காக்க மேனாட்டுப் போர்க்கப்பல்கள் வரவேண்டும் என்றும் அதில் வேண்டியிருந்தார். கடிதம் பிடிபட்டது. மறையைக் கற்றோரெல்லாம் நாட்டைக் காட்டிக்கொடுப்போர் என்னும் ஐயம் அதன்பின் நெடுங்காலம் நீங்கவில்லை. இஃது அவர் செய்த பெரும்பிழை என்றே கருதுகிறேன்.

இனி நாம் பேச வேண்டியது யாக்-ஜோங்கின் மனைவியைப் பற்றி. அவர் இரண்டாம் தாரம். ஞானஸ்நானப் பெயர் சிசிலியா. ஆறு வயதுடைய மகன் ஹா-சாங், நான்கு வயதுடைய மகள் சோங்-ஹே ஆகிய இருவருடன் சிறையிலிருந்து விடுதலை பெற்று வெளிவந்தார். உடைமைகள் யாவும் பறிமுதலாகிவிட்டன. மாஜேயிலிருந்த கணவரின் உறவினரை அடைந்தார். அவ்வீட்டிலோ அந்த மறையின் பெயரைக் கேட்கவே அஞ்சினர். அதனால் நேர்ந்த கொலைகளும் நாடு கடத்தல்களும் கண்முன் இருந்தன. விதவையிடம் அன்பாக நடந்துகொள்ள அவர்களால் இயலவில்லை.

குருவானவர் கொல்லப்பட்டுவிட்டார். கணவர் எழுதிய ஞானோபதேசத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அவ்வம்மையார் செபங்களையும் மறையின் கூறுகளையும் வாய்மொழியாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் அதைக் கேட்டு நெஞ்சிற் பதித்துக்கொண்டனர். குருவும் இல்லை, கோவிலும் இல்லை, நூலும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொரியாவில் மறையைக் காத்தவை இத்தகைய அடுக்களைகளே. அரசாங்க ஏடுகள் அவரை ‘யூ சோசா’ என்று குறிக்கின்றன. யூ என்பது பிறந்த குடியின் பெயர். சோசா என்பது எளிய குடிப்பெண்ணைக் குறிக்கும் பொதுச்சொல். பெற்றோர் இட்ட பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

மகன் ஹா-சாங் வளர்ந்ததும் தலைநகர் சென்றார். பின்னர் வடகோடியில் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்த கத்தோலிக்க அறிஞர் ஒருவரிடம் கல்வி கற்றார். சிதறிய மக்களைத் திரட்டக் குரு வேண்டும். குருவைக் கேட்கப் பெக்கிங் செல்ல வேண்டும். கொரியரோ அரசின் அனுமதியின்றி எல்லை கடக்க முடியாது. ஆண்டுதோறும் சீனப் பேரரசருக்குத் திறை கொண்டு செல்லும் தூதுக் குழுவே ஒரே வழி. உயர்குடியிற் பிறந்த அவர், மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வேலையாளாகத் தம்மை அமர்த்திக்கொண்டு 1816-இல் புறப்பட்டார். கடுங்குளிரில், ஒரு வழிக்கே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். இவ்வாறு ஒன்பது முறை அவர் பெக்கிங் சென்று வந்ததாகத் திருச்சபை வரலாறு கணக்கிடுகிறது. ஒவ்வொரு முறையும் கேட்டார். அனுப்பக் குருவில்லை என்பதே விடை. சீனத்துத் திருச்சபையும் அந்நாளில் துன்பத்தில் இருந்தது.

அரசு மொழிபெயர்ப்பாளரான யூ ஜின்-கில், குதிரை வேலையாளான சோ சின்-சோல் ஆகியோர் அவருக்குத் துணையாயினர். புலவர் மகனும் அலுவலரும் குதிரைக்காரரும் ஒரே காரியத்தில் சமமாக நின்றமை அக்காலக் கொரியாவில் காண்டற்கரிய காட்சி. 1825-ஆம் ஆண்டளவில் அவர்கள் பாப்பரசருக்கே விண்ணப்பம் எழுதினர். அது 1827-இல் ரோமாபுரியை அடைந்தது. அவ்விண்ணப்பத்தை ஆராய்ந்த கர்தினால் கப்பெல்லாரி, 1831-இல் பதினாறாம் கிரகோரி என்னும் பெயருடன் பாப்பரசரானார். அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் கொரியாவைத் தனி மறைமாநிலமாக அமைத்தார். அது பாரிசு அந்நியதேச வேதபோதக சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. புதுச்சேரியில் 1776 முதல் பணியாற்றிய சபையும் அதுவே. முதல் மேற்றிராணியார் புருகியேர், கொரியாவின் எல்லையை எட்டுமுன்னரே 1835-இல் உயிர் நீத்தார். மொபான் என்ற குருவானவர் 1836 ஜனவரியில் எல்லை கடந்தார். மறு ஆண்டில் சஸ்தானும், மேற்றிராணியார் இம்பேரும் வந்தனர். கொரியர் துக்கம் காக்குங்கால் அணியும் அகன்ற தொப்பியும் முகத்திரையும் அவர்களுக்கு மறைவாயின. முன்னோர்க்குரிய கடனைப் புறக்கணித்தோர் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களைத் துக்க உடையே காத்தது!

வந்தவர்களுக்கு ஹா-சாங்கின் இல்லமே தங்குமிடமாயிற்று. தாயும் தங்கையும் உணவு சமைத்து, வருவோரை வரவேற்று, மறை கற்க வந்த பெண்களுக்குப் போதித்தனர். எலிசபெத்து என்னும் ஞானஸ்நானப் பெயர் பூண்ட தங்கை, திருமணத்தை மறுத்து நூல் நூற்றும் துணி நெய்தும் குடும்பத்தைக் காத்து வந்தார். ஹா-சாங்கும் மணம் செய்யவில்லை. நாற்பது வயதைக் கடந்த அவருக்கு மேற்றிராணியார் இலத்தீன் கற்பித்துக் குருத்துவத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்.

அஃது ஈடேறவில்லை. 1839-இல் மீண்டும் வேட்டை தொடங்கியது. ஜூலை மாதத்தில் தாயும் மகனும் மகளும் சேர்ந்தே பிடிபட்டனர். தாம் பிடிபடுவது உறுதி என்று உணர்ந்திருந்த ஹா-சாங், அமைச்சருக்கு ஒரு விண்ணப்பத்தை முன்னரே எழுதி வைத்திருந்தார். கைதானதும் அதைக் கொடுத்தார். தந்தையையும் அரசனையும் மறுக்கும் கூட்டம் என்னும் பழியை அதில் மறுத்தார். பெற்றோரைப் போற்றுதல் பத்துக் கட்டளைகளுள் ஒன்று என்று காட்டினார். உறங்குபவர் முன் உணவு வைத்து என்ன பயன், இறந்தவர் முன் வைத்து என்ன பயன் என வினவினார். ஒரு மகன் தன் தந்தையின் மறைக்காக வழக்காடிய அந்த ஏடு, பெற்றோர்பால் பக்தியற்றவன் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. 1887-இல் அது ஆங்காங்கில் அச்சாயிற்று.

செப்டம்பர் 21-ஆம் நாள் பிரெஞ்சுக் குருமார் மூவரும் கொல்லப்பட்டனர். மறுநாள், தந்தை இறந்த அதே இடத்தில் ஹா-சாங் தலை வெட்டுண்டார். முதியோர்க்குக் கொலைத்தண்டம் விதிப்பது வழக்கமன்று. ஆகவே 79 வயதான சிசிலியா அடியுண்டு, நவம்பர் 23-ஆம் நாள் சிறையிலேயே மாண்டார். டிசம்பர் 29-ஆம் நாள் எலிசபெத்து கொல்லப்பட்டார்.

சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1939 டிசம்பரில், சீன நாட்டவர் முன்னோர்க்குச் செலுத்தும் மரியாதை சமூக வழக்கமே என்று ரோமாபுரி ஏற்றுத் தடையைத் தளர்த்தியது. கொரியாவிலும் அத்தளர்வு விரைவில் வந்தது. யுன் ஜி-சுங் எதற்காக உயிர் கொடுத்தாரோ, ஊரார் எதற்காகச் சினந்தனரோ, அதன் பெரும்பகுதி பின்னர் அனுமதிக்கப்பட்டது. கொரியக் கத்தோலிக்க இல்லங்களில் பின்னாளில் இறந்தோரை நினைந்து செபமும் படையலும் ஒருங்கே நிகழ்ந்தன.

1984 மே 6-ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் சியோல் நகரில் 103 வேதசாட்சிகளைப் புனிதராக உயர்த்தினார். தாய், மகன், மகள் மூவரும் அவர்களுள் அடங்குவர். தந்தையும் மூத்த மகனும் 2014 ஆகஸ்டு 16-ஆம் நாள் முத்திப்பேறு பெற்றோராக அறிவிக்கப்பட்டனர். கற்பித்தவருக்கு முப்பது ஆண்டுகள் முன்னதாகவே கற்றவர்கள் பீடமேறினர். புனிதர் வரிசையிலும் அத்தாயின் பெயர் யூ சோசா சிசிலியா என்றே எழுதப்பட்டுள்ளது.