கிளறுகோல்

1996ஆம் ஆண்டு, இராசபாளையம் வட்டாரத்து இராமர் பிள்ளை மூலிகையும் நீரும் கொண்டு பெட்ரோல் ஆக்குவதாக அறிவித்தார். பந்திங்கில் யாமும் பூரித்தோம்; தமிழன் கண்டான் என்ற பெருமிதம் ஐயத்தை அடக்கிற்று. அறிவியலாளர் முன்னிலையிலேயே கலத்தில் எரிபொருள் மிதந்தது! உட்புழையுள்ள கிளறுகோலில் அதனை மறைத்து, நுனியை மெழுகால் அடைத்திருந்தார் என்பது பின்னரே வெளிப்பட்டது. கலத்தை நோக்கிய கண்கள் கோலை நோக்கவில்லை. 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோ, எண்ணெய் சேமிக்கும் கருவிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்தது. ஒரே காரைக் கருவியுடனும் கருவியின்றியும் ஆய்வுக்கூட உருளைமேல் ஓட்டி அளப்பது அதன் முறை. மிகச்சிலவே சிறிது பயன் தந்தன.

எண்ணெய்க் குழாயில் காந்தம் மாட்டிய நண்பரிடம், "கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்" என்றேன். அவர் இன்னும் கழற்றவில்லை.