டொலர் தாளில் இட்ட கையொப்பங்கள்

ரொறன்ரோவில் இரு நண்பர்களுடன் சேர்ந்து சிறியதொரு மென்பொருள் நிறுவனத்தை ஆரம்பித்திருக்கும் என் தங்கையின் மகன், அண்மையில் ஓர் ஆவணத்தை எனக்கு அனுப்பியிருந்தான். தமது நிறுவனத்தின் பண்பாடு எத்தகையதாக இருக்கும் என்பதைப் பத்துப் பந்திகளில் விளக்கும் ஆவணம் அது. "மாமா, தமிழிலயும் போடப்போறம். ஒருக்காத் திருத்தித் தாங்கோ" என்று கேட்டிருந்தான். சமத்துவம், நம்பிக்கை, திறந்த மனம் என்று நல்ல சொற்கள் நிறையவே இருந்தன. அவற்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது 1957இல் நடந்த கதையொன்று நினைவுக்கு வந்தது.

வில்லியம் ஷொக்லி ரான்சிஸ்ரர் ஆய்வுக்காக 1956இல் வேறு இருவருடன் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அதே ஆண்டில் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் ஓர் ஆய்வுகூடத்தை அவர் தொடங்கினார். தொழிலதிபர் ஆர்னோல்ட் பெக்மன் அதற்குப் பணம் கொடுத்தார். சிலிக்கன் பள்ளத்தாக்கு என்ற பெயர் அப்போது பிறக்கவில்லை. அந்தப் பகுதியெங்கும் பழத்தோட்டங்களே இருந்தன.

திறமையான இளைஞர்களைத் தேடிப் பிடிப்பதில் ஷொக்லி வல்லவர். அவர்களை நம்புவதற்குத்தான் அவருக்குத் தெரியவில்லை. ஒருமுறை பெண் ஊழியர் ஒருவரின் கையில் ஏதோ குத்திக் காயமேற்பட்டது. அதனைச் சதி எனக் கருதிய ஷொக்லி, ஊழியர்களைப் பொய் கண்டறியும் கருவியின் முன் நிறுத்த முற்பட்டார். குத்தியது தலை முறிந்த ஊசி ஒன்று என்பது பின்னர் தெரியவந்தது. சிலிக்கன் ரான்சிஸ்ரரைச் செய்வோம் என்று இளைஞர்கள் வற்புறுத்த, தான் விரும்பிய வேறொரு கருவியிலேயே அவர் பிடிவாதமாக நின்றார்.

1957 செப்டெம்பரில் எட்டுப் பேர் ஒன்றாக விலகினர். ரொபேர்ட் நொய்ஸ், கோர்டன் மூர், ஜீன் ஹோர்னி, ஜே லாஸ்ட், யூஜின் கிளெய்னர், ஷெல்டன் ரொபேர்ட்ஸ், விக்டர் கிரினிச், ஜூலியஸ் பிளாங்க் என்போரே அவர்கள். 'துரோகிகள் எண்மர்' என்ற பட்டம் பின்னாளில் அவர்களுக்கு நிலைத்துவிட்டது.

தொழில் தொடங்கும் எண்ணம் முதலில் அவர்களுக்கு இருக்கவில்லை. எட்டுப் பேரையும் ஒன்றாக வேலைக்கு எடுக்கக்கூடிய நிறுவனம் ஒன்றையே தேடினர். கிளெய்னர் எழுதிய கடிதம் நியூயோர்க்கின் முதலீட்டு நிறுவனமொன்றில் ஆர்தர் ரொக் என்ற இளைஞரின் கைக்குக் கிடைத்தது. நீங்களே ஒரு நிறுவனத்தைத் தொடங்குங்கள் என்று கூறியவர் அவர்தான். ஒப்பந்தப் பத்திரம் எதுவும் தயாராகாத நிலையில், பத்து ஒரு டொலர் தாள்களில் எண்மரும் ரொக்கும் அவரது சகாவும் கையொப்பமிட்டு, ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டனர். முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கையை விரித்த பின்னர், ஷேர்மன் பெயார்சைல்ட் சம்மதித்தார்.

அவரது நிறுவனம் 13 இலட்சத்து 80 ஆயிரம் டொலரைக் கடனாக வழங்கியது. எண்மரும் ஆளுக்கு 500 டொலர் போட்டு நூறு பங்குகள் பெற்றனர். ஒப்பந்தத்தில் ஒரு வாசகமும் இருந்தது. தாய் நிறுவனம் விரும்பினால் எல்லாப் பங்குகளையும் 30 இலட்சம் டொலருக்கு வாங்கிக்கொள்ளலாம்.

பெயார்சைல்ட் செமிகண்டக்டர் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தது. ஐ.பி.எம். நிறுவனம் முதல் நூறு ரான்சிஸ்ரர்களை ஒன்று 150 டொலர் வீதம் வாங்கியது. 1959இல் ஹோர்னி கண்ட தட்டைத்தள உற்பத்தி முறையும், அதை அடிப்படையாக வைத்து நொய்ஸ் வகுத்த ஒருங்கிணைந்த மின்சுற்றும் இன்றைய கணினிச் சில்லுகளுக்கு வழிதிறந்தன. அதே 1959இல் தாய் நிறுவனம் அந்த வாசகத்தைப் பயன்படுத்தியது. ஒவ்வொருவர் கையிலும் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் டொலர் கிடைத்தது. ஆயினும் அவர்கள் அன்றுமுதல் வெறும் சம்பளக்காரர்கள். இலாபம் கிழக்குக் கரைக்குப் போனது. 1961இல் நால்வர் வெளியேறினர். 1968இல் நொய்ஸும் மூரும் விலகி இன்ரெல் நிறுவனத்தை ஆரம்பித்தனர். அதற்கான 25 இலட்சம் டொலரைத் திரட்டிக் கொடுத்தவரும் ரொக்தான்.

தாம் பட்டதை அவர்கள் மறக்கவில்லை. இன்ரெலில் அதிகாரிகளுக்கென ஒதுக்கிய வாகனத் தரிப்பிடம் இல்லை, தனி உணவறை இல்லை. பொறியியலாளர்களுக்குப் பங்குரிமை பரவலாகக் கிடைத்தது. இன்றைய இளம் தொழில் முனைவோர் பண்பாடு என்று பேசுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் இக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சில்லுகளுக்கு நுண்கம்பி பொருத்தும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர். அவ்வேலை 1960களில் ஹொங்கொங்குக்கும், அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்களின் ஷிப்ரொக் என்னும் இடத்துக்கும் போனது. 1975இல் ஆட்குறைப்பை எதிர்த்து ஷிப்ரொக் தொழிற்சாலையைப் போராட்டக்காரர்கள் கைப்பற்றியபோது, பெயார்சைல்ட் அதை மூடிவிட்டுச் சென்றது. சமத்துவம் ஆய்வுகூடத்தின் வாசலோடு நின்றுபோயிற்று.

இவ்வேலை இலங்கைக்கும் வரவிருந்தது. மோட்டரோலா, ஹரிஸ் ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களும் சுதந்திர வர்த்தக வலயத்தில் தொழிற்சாலை அமைக்க முன்வந்திருந்தன. 1983 ஜூலை வன்செயல்களின் பின்னர் அவை விலகிக்கொண்டன. அப்போது நான் பாடசாலை மாணவன். எரிந்த கடைகளின் கணக்கையே ஊரில் பேசினார்கள். வராமற்போன தொழிற்சாலைகளைப் பற்றிப் பத்திரிகையாளனான பிறகே அறிந்தேன். நம்பிக்கை செத்த இடத்தில் எட்டு விஞ்ஞானிகளும் தங்கவில்லை, முதலீடும் தங்கவில்லை.

திருத்திய ஆவணத்தை மருமகனுக்கு அனுப்பியபோது ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்பினேன். அவர்களுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து இரு பெண்பிள்ளைகள் மாதச் சம்பளத்துக்கு நிரல் எழுதுகிறார்கள் என்பதை அறிவேன். "அந்தப் பிள்ளையளுக்குப் பங்கு இருக்கோ?" என்று கேட்டிருந்தேன்.

இரண்டு நாட்கள் பதில் இல்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவேயில்லை. இந்தக் கிழமை மூன்று பேருமாக இருந்து கதைக்கப்போறம்" என்றான்.

என்ன முடிவெடுத்தார்கள் என்பது இன்னும் தெரியவில்லை. பத்துப் பந்திகளில் நான் திருத்தியவை எழுத்துப் பிழைகள் மட்டுமே. மற்றதை அவர்கள்தான் திருத்த வேண்டும்.